கரண்ட் இல்லாத நாளில் சி படித்தது

எம்.டெக் சேர எழுதும் கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளுக்கு நான் படித்தது கோத்தகிரியில், ஐப்பசி மழையில். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லேப்டாப் பேட்டரியும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் பாதி நாள் சி என்ற புரோகிராமிங் மொழியைப் பென்சிலில்தான் எழுதினேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் தீபாவளிக்கு வந்திருந்தார். டீக்கடையில் வர்க்கியை முக்கிக்கொண்டே, "1972-ல வந்த மொழியைக் கட்டிக்கிட்டு ஏன் தம்பி அழுவுறே? ரஸ்ட் படி" என்றார். ரஸ்ட் என்பது நினைவகத் தவறுகளை மொழியே தடுக்கும் புதிய மொழி. தேர்வில் சி-தானே கேட்கிறார்கள் என்றேன். அதோடு விடாமல், ஒழுங்காக சி எழுதுகிறவனுக்கு ரஸ்ட் எதற்கு என்று வீம்புக்கும் பேசிவிட்டேன்.

சரி, உன் ஒழுங்கைக் காட்டு என்று வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு சொல்லை வாங்கி நகலெடுத்து வைக்கும் சின்ன புரோகிராம். என் லேப்டாப்பில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் வால்கிரிண்ட் கருவியைப் போட்டு ஓட்டினார். 15 பைட் வாங்கிய இடத்தைத் தாண்டி 1 பைட் எழுதியிருக்கிறாய் என்று வந்தது. கொடுத்த சொல் 'ஊட்டி'. கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஊ, ட, புள்ளி, ட, இகரக் குறி என ஐந்து துண்டு; அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் துண்டுக்கு 3 பைட். சொல்லின் நீளத்தை எண்ணும் ஸ்டர்லென் 15 என்று சரியாகவே சொன்னது. சொல் முடிந்தது என்று காட்ட சி கடைசியில் வைக்கும் பூஜ்ய பைட்டை அது எண்ணாது. நினைவகத்தில் இடம் வாங்கும் மாலாக்கில் நான்தான் ஒன்று கூட்டியிருக்க வேண்டும்.

ரஸ்ட்டில் வழக்கமாக எழுதும் எந்தக் கோடும் இப்படி எல்லை தாண்ட விடாது. அங்கே அண்ணன் ஜெயித்தார். ஆனால் ரஸ்ட்டிலும் 'ஊட்டி' என்ற சொல்லின் லென், அதாவது நீளம், கேட்டால் அதே 15தான்! பைட் எண்ணத் தெரியாமல் அங்கேயும் தப்ப முடியாது என்றேன். சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து பென்சில் வேலையை முறையாகச் செய்தேன். மாறிக்கு ஒரு கட்டம், தலைக்கு மேல் ஒரு கற்பனை முகவரி. பாயிண்டர் என்றால் கட்டத்துக்குள்ளேயே இன்னொரு கட்டத்தின் முகவரி. 1000-ல் நிற்கும் இன்ட் பாயிண்டரோடு 1 கூட்டினால் 1001 அல்ல, 1004; இன்ட் என்ற முழு எண்ணுக்கு வழக்கமாக 4 பைட். பத்து இன்ட் உள்ள அரேயின் (வரிசையின்) சைஸ்ஆஃப், அதாவது பைட் அளவு, 40; அதையே ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ளே கேட்டால், 64-பிட் கணினியில் 8; உள்ளே போவது பாயிண்டர் மட்டும்தான். படித்தபோது ஏறாத இது, வரைந்தபோதுதான் மண்டையில் ஏறியது. கரண்ட் வந்ததும் ஓட்டிச் சரிபாருங்கள், ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளைக் காட்டும் '-Wall' போட்டு. இடம் போதுமா என்று பாராமல் ஒரு வரியை வாங்கும் கெட்ஸ் பக்கம் போகவே வேண்டாம். சி11 தரத்திலேயே அதைத் தூக்கிவிட்டார்கள்.

தேர்வில் 65 கேள்வி, 3 மணி நேரம். கம்பைலர் கிடையாது, கிறுக்க ஒரு பேட் உண்டு. எண்ணைத் தட்டச் சொல்லும் கேள்விகளுக்கு மைனஸ் மார்க் இல்லை. ஆனால் பார்த்துக் கழிக்க விடைகளும் இல்லை. ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ஒரு ரிகர்ஷன் கேள்விக்கு ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டேன். அடுத்த சீட்காரர் நான் கோலம் போடுகிறேன் என்றே நினைத்திருப்பார்.