நிலாவில் பால் பவுடர்

புரட்டாசி சனிக்கிழமையில் யாராவது ஆபீஸ் அவுட்டிங் வைப்பார்களா? எங்கள் கம்பெனியில் வைத்தார்கள். அதுவும் மாமல்லபுரம் பக்கம் கடலை ஒட்டிய ரிசார்ட்டில். மதியம் பஃபேயில் வஞ்சிரம் வறுவல் மணக்க, பாதிப் பேர் தயிர் சாதத்தைப் பிசைந்தபடி அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். உண்மையில் அன்றைய மன உறுதிப் பயிற்சி அங்கேயே முடிந்துவிட்டது. அது தெரியாமல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை ஒரு ஏசி ஹாலில் உட்கார வைத்து நிலாவில் இறக்கிவிட்டார்கள்.

'டீம் பில்டிங்' என்று மெயில் வந்தபோது கயிறு இழுக்கும் போட்டி, மியூசிக்கல் சேர் என்றுதான் நினைத்திருந்தேன். கன்னத்தில் மைக் ஒட்டிய பயிற்சியாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கதை இதுதான். நீங்கள் விண்கலத்தில் போகிறீர்கள். நிலாவின் வெளிச்சமாக இருக்கும் பக்கத்தில் தாய்க்கலம் காத்திருக்கிறது. உங்கள் கலம் கோளாறாகி, அதிலிருந்து 320 கிலோமீட்டர் தள்ளி விழுந்துவிட்டது. உடையாமல் மிஞ்சியவை 15 பொருட்கள். எது ரொம்ப அவசியமோ அதற்கு 1, எது வேண்டவே வேண்டாமோ அதற்கு 15 என்று வரிசை போட வேண்டும். முதலில் தனித்தனியாக, அப்புறம் குழுவாக.

"320 கிலோமீட்டர்னா கிட்டத்தட்ட திருச்சி" என்றார் ஸ்டோர்ஸ் அண்ணாச்சி. "பழனிக்குப் பாதயாத்திரை போன காலு இது. பாத்துக்கலாம்."

எங்கள் குழுவில் ஆறு பேர். மேனேஜர், அண்ணாச்சி, டிஸ்பாட்ச் தம்பி, குவாலிட்டி அக்கா, அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண், அப்புறம் நான். தனித்தாளை எல்லாரும் பரீட்சை எழுதுவதுபோல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினோம். குழுவாகச் சேர்ந்ததும் மேனேஜர் செய்த முதல் காரியம், அந்தப் பெண்ணிடம் பேனாவைக் கொடுத்தது. "உன் கையெழுத்து நல்லா இருக்கும்மா, நீ எழுது."

பயிற்சியாளர் ஏதோ விதிமுறைகள் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாழைக்காய் பஜ்ஜி வந்துவிட்டதால் யார் காதிலும் விழவில்லை.

முதல் இடம் தண்ணீருக்கு. இதில் விவாதமே இல்லை. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற ஊர்க்காரர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஆக்சிஜன் டேங்க் இரண்டு இருந்தது, ஒவ்வொன்றும் 45 கிலோ. "மாடிப்படியில கேஸ் சிலிண்டர் தூக்கினவனுக்குத்தான் அந்த வலி தெரியும்" என்று தம்பி சொன்னதும் அது இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான், ஏழரைக் கிலோ மாதிரிதான் இருக்கும் என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். "எழுதும்மா, எழுதும்மா" என்றார் மேனேஜர்.

அடுத்தது காந்தத் திசைகாட்டி. மேனேஜர் காலேஜில் என்சிசி. அந்த நாளில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு ஏதோ காட்டில் வழி கண்டுபிடித்த கதையை வருடா வருடம் சொல்வார், நாங்களும் வருடா வருடம் வியப்போம். "வடக்கு தெரிஞ்சா போதும், மிச்சமெல்லாம் தானா வரும்." சந்திரயான் 3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதால், அதே ஊர்க்காரரான தம்பிக்கு நிலா சம்பந்தமாகத் தனி மரியாதை தரவேண்டிய கட்டாயம் எங்களுக்கு. தம்பியும் "சார் சொல்றது கரெக்ட்டுதான்" என்று முத்திரை குத்தினான். நாலாம் இடம்.

நட்சத்திர வரைபடத்தை நான் என் தாளில் நாலாவதாகப் போட்டிருந்தேன். குழுவில் அதைப் பற்றி வாயைத் திறந்தேன். "நட்சத்திரத்தை வச்சு ஜாதகம்தான் பாக்கலாம், வழியா பாக்க முடியும்?" என்றார் அக்கா. மேனேஜர் சிரித்தார். என் தீபாவளி லீவு விண்ணப்பம் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடந்தது. நானும் சிரித்தேன். வரைபடம் பன்னிரண்டுக்குப் போனது.

தீப்பெட்டிக்கு வந்தபோதுதான் அண்ணாச்சி விசுவரூபம் எடுத்தார். சாத்தூர்க்காரர். தீப்பெட்டியைக் கடைசியில் போடுவதை ஊருக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

"நிலாவுல காத்து இல்ல அண்ணாச்சி, பத்தாது" என்றேன்.

"ஆக்சிஜன் ரெண்டு டேங்க் வச்சிருக்கோம்ல? லேசாத் திறந்துவிட்டுக் கொளுத்து."

ஒரு நிமிடம் ஹாலே அமைதியானது. பக்கத்துக் குழுவினர் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டார்கள். ஆனாலும் தீப்பெட்டி ஆறாவது இடம் பிடித்தது. ஏனென்றால் அண்ணாச்சியைப் பகைத்துக்கொண்டால் திங்கட்கிழமை ஸ்டோர்ஸில் ஒரு போல்ட் நட்டுகூட வாங்க முடியாது.

தீப்பெட்டி வந்த கையோடு ஹீட்டர் ஏழு. ஹீட்டர் இருக்கும்போது பால் பவுடர் இல்லாமல் எப்படி? அண்ணாச்சி இதை இரண்டாம் இடத்தில் வைக்கச் சொல்லி மன்றாடினார். டீத்தூள் பட்டியலிலேயே இல்லை என்று காட்டினோம். "பால் கையில இருந்தா டீத்தூள் எங்கயாச்சும் கிடைக்கும்" என்றார். எட்டில் சமரசம் ஆனது.

ரேடியோ ஒன்பது, டவர் இருக்காது என்பதால். ரப்பர் படகு பதினாலு, பொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரில் எதற்கு? இரண்டு கைத்துப்பாக்கிகள் கடைசி, சுடுவதற்கு எங்களை விட்டால் ஆளில்லை. எதில் இழுபறியானாலும் "கை தூக்குங்க" என்பார் மேனேஜர். மூன்றுக்கு மூன்று என்று வந்தால் அவர் கை இரண்டு கையாகக் கணக்கிடப்பட்டது. மொத்தம் இருபதே நிமிடம். எல்லாக் குழுவுக்கும் முன்னால் முடித்துவிட்டு, வெற்றிப் பெருமிதத்தோடு இரண்டாம் ரவுண்டு பஜ்ஜி சாப்பிட்டோம்.

பிறகு நாசாவின் விடையைத் திரையில் போட்டார்கள். நம் வரிசைக்கும் அவர்கள் வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 25-க்குள் வந்தால் அபாரம். முழுக்கத் தலைகீழாகப் போட்டால் 112.

முதலில் ஆக்சிஜன். "தண்ணி இல்லாம சில நாள் ஓட்டலாம் சார், காத்து இல்லாம சில நிமிஷம்தான்" என்றார் பயிற்சியாளர். மூன்றாவது நட்சத்திர வரைபடம். நிலாவில் வழி பார்க்க அதுதான் கதி. நான் மேனேஜரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தேன். திசைகாட்டி பதினாலு, ஏனென்றால் பூமிக்கு இருப்பதுபோல் வடக்கு காட்டும் காந்தப்புலம் நிலாவுக்கு இல்லை. படகு ஒன்பது, அதை ஊதும் கேஸ் பாட்டிலைத் திறந்துவிட்டால் அந்த விசையில் நாம் நகரலாமாம். துப்பாக்கி பதினொன்று, அதுவும் சுட்டால் பின்னுக்குத் தள்ளும் விசைக்காகத்தான். தீப்பெட்டி பதினைந்து.

"துப்பாக்கி மருந்து காத்தில்லாம வெடிக்கும், தீக்குச்சி மருந்து மட்டும் பத்தாதோ? அதுலயும் ஆக்சிஜன் தர்ற குளோரேட்டு இருக்குய்யா!" அண்ணாச்சி எழுந்தேவிட்டார். பயிற்சியாளர் பாவம், இப்படி ஒரு கேள்வியை எந்த ஊரிலும் சந்தித்திருக்க மாட்டார். மருந்து ஒரு நொடி சீறலாம், குச்சி எரியாது என்று அவர் ஒத்துக்கொள்ளும்வரை அண்ணாச்சி உட்காரவில்லை. சாத்தூரின் மானம் பாதி காப்பாற்றப்பட்டது.

மேனேஜர் 72. அண்ணாச்சி 64. தம்பி 60. அக்கா 56. நான் 48. அக்கவுண்ட்ஸ் பெண் 22.

குழுவாக நாங்கள் எடுத்தது 66.

ஆறு பேரின் சராசரியே 54-க்குள்தான் வருகிறது. அதாவது, ஒருவரோடொருவர் பேசாமலே இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் பிழைத்திருப்போம். நாங்கள் சரியாகப் போட்ட ஒரே பொருள் பத்தாம் இடத்து சிக்னல் ஃப்ளேர், அதாவது ஆபத்தில் கொளுத்தி அடையாளம் காட்டும் குழல். அதைப் பற்றி யாருமே பேசவில்லை, மிச்சமிருந்த கட்டத்தில் எழுதியது.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?" என்று மேனேஜர் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"மூணு தடவை சொன்னேன் சார். எழுதும்மான்னீங்க."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "நான் உங்களையெல்லாம் டெஸ்ட் பண்ணேன்" என்றார்.

பஜ்ஜி நேரத்தில் வாசித்த விதிமுறைகளை இப்போது மறுபடி வாசித்தார்கள். இந்த விளையாட்டை அமைத்த ஜே ஹால் என்ற அமெரிக்கர், 1970-ல் வெளியான ஆய்வில் சில குழுக்களுக்கு மட்டும் இவற்றைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறார். சொல்லிக்கொடுத்த குழுக்கள் நன்றாகச் செய்திருக்கின்றன. ஓட்டுப் போடாதே. பேரம் பேசாதே. சண்டை வேண்டாம் என்பதற்காக மட்டும் மனசை மாற்றிக்கொள்ளாதே. எல்லாரும் சட்டென்று ஒத்துப்போனால் சந்தேகப்படு. எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருந்தது. புரொடக்‌ஷன் ஆட்கள் 40 எடுத்திருந்தார்கள், அவர்களில் சிறந்த ஆளே 42 தான். அவர்கள் போட்ட கூச்சலில் ரிசார்ட் மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

திரும்பும் வேனில் மேனேஜர் புது மனிதர். டீக்கு எங்கே நிறுத்துவது என்று கேள்வி வந்ததும் கையை உயர்த்தினார். "ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாரும் பேசி ஒத்துக்கணும்."

22 பேர். கோவளத்தில் மீன் என்றது ஒரு கூட்டம். புரட்டாசி என்றது இன்னொரு கூட்டம். சைவ ஓட்டலாகப் பார்க்கலாம் என்றபோது கோவளம் போயிருந்தது. பஜ்ஜி தின்ற வயிற்றுக்கு டீ மட்டும் போதும் என்று அக்கா சொல்ல, டீ மட்டும் என்றால் வடை சேருமா சேராதா என்று பேசியதில் முட்டுக்காடு பாலமும் போயிற்று. "நீ என்னம்மா நினைக்கிற?" என்று மேனேஜர் அக்கவுண்ட்ஸ் பெண்ணிடம் நேராகவே கேட்டார்.

"எனக்குப் பசிக்கல சார். ரிசார்ட்லயே ரெண்டு பஜ்ஜி டிஷ்யூல சுத்திக் கொண்டுவந்துட்டேன்."

டிரைவர் அண்ணன் யாரையும் கேட்கவில்லை. உத்தண்டி டோல்கேட் தாண்டி, தனக்குப் பழக்கமான ஒரு கடை ஓரத்தில் வண்டியை ஒதுக்கினார். நாங்கள் இறங்கிச் சோம்பல் முறிப்பதற்குள் அவர் முன்னால் ஒரு தட்டுப் பரோட்டா வந்துவிட்டது.

"22 டீ" என்றார் மேனேஜர்.

"பால் தீந்துடுச்சு சார். பிளாக் டீ போடட்டா?"

அண்ணாச்சி எதுவும் பேசவில்லை. எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக ஒரு முறை பார்த்தார்.

"எட்டாவதாப் போட்டீங்கல்ல?"