லோகோ ஈஸி, பிரஸ்ஸில்தான் பாடு

கேரள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாசகசாலைக்குக் கூரை மாற்றக் காசு வேண்டும். அதற்காகக் கதை சொல்லும் ராத்திரி ஒன்று நடத்தினோம். லோகோ, போஸ்டர், பேனர், ரசீது புத்தகம் எல்லாம் என் தலையில். கரும்பனையின் விசிறி ஓலையையே பேச்சுக் குமிழாக வரைந்தேன், கமிட்டிக்குப் பிடித்துப்போச்சு. தமிழ் மேலேயா மலையாளம் மேலேயா என்ற சண்டைகூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அடங்கிவிட்டது. தமிழுக்கு ‘பலூ தம்பி’, மலையாளத்துக்கு ‘பலூ சேட்டன்’. ஒரே குடும்பத்து எழுத்துரு, தடிமன் ஒத்துப்போகும், காசும் கிடையாது.

பிறகுதான் பொள்ளாச்சி பிரஸ்.

ஃபைலைத் திறந்த ஆபரேட்டர், “ஏனுங்க அக்கா, எழுத்து ஒடையுதுங்களே” என்றார். அவரிடம் இருந்தது கோரல் ட்ரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பு. ‘கதை’யில் த-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய், புள்ளிவட்டத்தோடு தொங்கியது. “நான் டைப் பண்ணிக்கறேன், நீங்க போங்க” என்றார். ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது: கல்யாணப் பத்திரிகை எழுத்தில் ‘கதை சொல்லும் இரவு’, ‘நன்கொடை’க்கு மூணு சுழி ண. மலையாளம் முழுக்கக் கட்டம் கட்டமாக.

இதற்கு ஒரே வழி: எழுத்தையெல்லாம் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். கர்வ் ஆன பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் மாற்றாத ஒரு பிரதியும் உங்களிடம் இருக்கட்டும். ஸ்கிரீனில் பளிச்சென்று இருக்கிற இளம்பச்சை மையில் சோர்ந்துதான் விழும். அச்சு மையின் நாலு நிறக் கணக்கான சிஎம்ஒய்கே-யில் பார்த்துவிட்டே நிறத்தை முடிவு பண்ணுங்கள். ரசீது புத்தகத்துக்கு ஒத்தைக் கலர் லோகோ தனியாக வேண்டும்.

பேனர் கதை இதைவிட மோசம். ‘துணி’ என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதியிருந்தும் ஃப்ளெக்ஸில் அடித்து வைத்திருந்தார்கள். பிவிசி ஃப்ளெக்ஸ் கேரளாவில் 2019-லேயே தடை. கோபாலபுரம் எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்து எங்கே கட்டுவது? “அங்கெல்லாம் யாரு பாக்கறா?” என்று முதலாளி சிரித்தார். பஞ்சாயத்துக்காரர் பார்ப்பார், அபராதம் கட்டுவது நாங்கள். பேனரை அங்கேயே போட்டுவிட்டு, சித்தூரில் காடாத்துணியில் அடிக்கிற இடத்தில் கொடுத்தோம். அழகாக வந்தது.

க்யூஆர் கோடு விஷயத்திலும் ஆபரேட்டர் கைவைத்தார். எடுப்பாக இருக்கட்டும் என்று கரும்பச்சையில் வெள்ளைக் கட்டமாகத் திருப்பிப் போட்டு, சுற்றி விட்டிருந்த வெள்ளை ஓரத்தையும் வெட்டிவிட்டார். என் போன் எடுத்தது, பொருளாளர் மாமாவின் பழைய போன் எடுக்கவேயில்லை. வெள்ளையில் கறுப்பு, நாலு பக்கமும் தாராளமாக ஓரம். அதை மாற்ற விடாதீர்கள். அச்சுத்தாளையே, அதுவும் ஊரில் இருக்கிற மட்டமான போனில், ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் மொத்தமாக அச்சடிக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் பில். அந்த ஃப்ளெக்ஸுக்கும் காசு, ‘டிசைன் சார்ஜ்’ என்று தனியாக ஒரு வரி வேறு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர்டர் சீட்டை மேசையில் விரித்தார். ‘துணி’ என்ற இடத்தில் விரலை வைத்தாரே தவிர வாய் திறக்கவில்லை. முதலாளி பில்லில் அந்த ரெண்டு வரியையும் தானே கோடு போட்டு அடித்தார்.