அம்மாவின் கைராசி, ஹனோய் கிளை

அம்மாவை எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் சந்தையில்தான் போய் நிற்பார் என்பது உங்களுக்கே தெரியும். ஹனோயில் 1070-ல் கட்டிய இலக்கியக் கோயிலை "ம், நல்லாருக்கு" என்று ஒரே சுற்றில் முடித்துவிட்டார். இன்று ஹாலாங் தீவுகளுக்குக் கூட்டிப்போகும் வேன் வருவதற்குள் ஒரு ஸ்கார்ஃப் வாங்கியாக வேண்டுமாம். விடிந்ததும் விடியாததுமாக டோங் சுவான் சந்தை.

கடைக்கார அம்மாள் அப்போதுதான் துணிகளை உதறி மாட்டிக்கொண்டிருந்தார். பாஷை தெரியவில்லையே என்ற கவலையெல்லாம் வேண்டாம், அங்கே பேரம் முழுக்கக் கால்குலேட்டரில்தான். பட்டு என்று சொல்லப்பட்ட அந்த ஸ்கார்ஃபுக்கு அவர் 2,50,000 டாங் என்று தட்டினார். அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு 80,000 தட்டினார். அவர் 2,20,000. அம்மா 80,000. அவர் பெருமூச்சு விட்டு 2,00,000. அம்மா மறுபடியும் 80,000, இந்த முறை சமக்குறியையும் சேர்த்து அழுத்தி. ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்தால், மொத்தச் சண்டையும் 400 ரூபாய்க்கு.

அடுத்து பிரம்மாஸ்திரம்: விறுவிறுவென்று நடையைக் கட்டுவது. நாலு அடிக்குள் கூப்பிட்டாக வேண்டும், ரங்கநாதன் தெருவில் இது தோற்றதே கிடையாது. இங்கே கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால், அந்த அம்மாள் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கடை முன்னால் வீசிக்கொண்டிருக்கிறார்.

வியட்நாமில் முதல் ஆள் எப்படியோ அன்றைய வியாபாரமும் அப்படி. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் தரித்திரம் போகக் காகிதம் கொளுத்துவார்கள். டெட் புத்தாண்டன்று வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பவர் யார் என்பதைப் பிறந்த வருடமெல்லாம் பார்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்கிற ஊர். பேரம் பேச ஆசையிருந்தால் பத்து மணிக்கு மேல் போங்கள்.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறக்கும் முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"போணி ஆகலைன்னு கொளுத்துறாளா? என் கைக்கா?"

நம் தெருவில் மாவு மிஷினிலிருந்து மருந்துக்கடை வரை போணி செய்த கை அல்லவா! நேரே போய் 2,00,000 எடுத்து வைத்தார். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் அங்கே நீலம்தான் என்பதால் நான் பக்கத்திலேயே காவல்.

அதோடு கிளம்பியிருக்கலாம். போணி பலிக்கிறதா என்று பார்க்காமல் நகர மாட்டாராம். குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைக்கார அம்மாள் டீ கொடுத்தார். போகிற வருகிறவர்களையெல்லாம் "கம், கம், குட் சில்க்" என்று அழைத்தது எங்கள் அம்மா. ஒரு வெள்ளைக்கார ஜோடி நின்று விலையைக் குறைக்கச் சொன்னபோது, கால்குலேட்டரைப் பிடுங்கி 2,50,000 என்று தட்டிக் காட்டியதும் அவரேதான்.

இதற்குள் இவர் ஓட்டல் வாசலிலிருந்து போன் மேல் போன். வேன்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாராம். கட்டின பணம் திரும்ப வராது.

"தீவு எங்கடி ஓடிடப் போகுது? நாளைக்குப் போவோம்" என்கிறார் அம்மா.

நாளைக்கு எங்களுக்குச் சென்னை ஃபிளைட்.