மழை, செக்போஸ்ட், ஷோப்பன்

நாலு நாளா மழை. மழைன்னா சும்மா இல்ல, ஓட்டுல கல்லெடுத்து எறியுத மாதிரி. ரப்பர்ல வெட்டு கிடையாது, சிரட்டை எல்லாம் தண்ணி நிரம்பி கிடக்கு, அப்பா திண்ணைல இருந்து மழையவே பாக்காரு, நான் உள்ள இருந்து ஒரே ஒரு கட்டைய அமுக்கிட்டே இருக்கேன். டொக் டொக் டொக். "லேய், அந்த பியானோ கேடாயிப் போச்சா"ன்னு அம்மா அடுக்களைல இருந்து கேக்கா. கேடாவல. அது ஷோப்பன், பியானோவுக்கு இசை எழுதின ஒரு பழைய காலத்து ஆளு.

எல்லை தாண்டி கேரளப் பக்கம் பாறசாலைல பியானோ சொல்லித்தர்ற சார் "இனி ஷோப்பன்"னு சொன்னப்ப, யாரோ ஷோபன் சேட்டன் புதுசா கிளாஸ் எடுக்க வராருன்னுதான் நினைச்சேன். நமக்கு தெரிஞ்சது எல்லாம் சபைல கீர்த்தனைக்கு இடது கைல கோர்டு (ரெண்டு மூணு கட்டைய சேத்து அமுக்கது) புடிச்சி, ஒரு ரிதம தட்டி விட்டு, வால்யூம ஃபுல்லா வைக்கதுதான். இங்க சார் அரை மணி நேரமும் "பதுக்கெ, பதுக்கெ"ன்னு ஒரே பல்லவி. ஷோப்பனே அப்படித்தான் வாசிப்பாராம், சத்தத்த ரொம்ப குறைச்சு, பெரிய ஹாலே அவருக்கு பிடிக்காது. 39 வயசு வாழ்க்கைல பொது மேடைக் கச்சேரின்னு பாத்தா சுமார் 30தான் இருக்கும், மத்தபடி பாரிஸ்ல பணக்கார வீட்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துதான் பிழைப்பு.

ஆளு பொறந்தது 1810, வார்சா பக்கத்துல ஒரு கிராமம். அப்பா பிரெஞ்சுக்காரரு, அம்மா போலந்து. 7 வயசுலயே எழுதின ஒரு பொலொனேஸ் (போலந்து நடன மெட்டு) அச்சுல வந்தாச்சு. அப்போ போலந்துன்னு தனி நாடா ஒண்ணும் இல்ல, வார்சா ரஷ்ய ஜார் மன்னருக்க கீழ இருந்துது. 1830 நவம்பர் 2ஆம் தேதி வெளிநாட்டுல வாசிக்கலாம்னு கிளம்பி போறாரு, அந்த மாசக் கடைசிலயே ஊர்ல கலகம் வெடிக்கு, அடுத்த வருசம் ரஷ்யா அத நசுக்கிட்டு, பெறவு சாவுறது வரைக்கும் ஊரு மண்ண மிதிக்கல. எனக்க பாட்டா திருவிதாங்கூர்ல பொறந்து, 1956 நவம்பர் 1ஆம் தேதி எங்க ஊரு இந்தப் பக்கம் சேர்ந்தப்போ திண்ணைல இருந்து எந்திரிக்காமலே மெட்ராஸ் ஸ்டேட்காரரா ஆனவரு. ஷோப்பனுக்கு அப்படியே நேர்மாறு.

சரி, மழைக்கு வருவோம். 1838ல நெஞ்சு நோவுக்கு வெயில் நல்லதுன்னு ஜார்ஜ் சாண்ட் (பேர பாத்து ஏமாறாதீங்க, பொம்பள, பேர்பெற்ற நாவலாசிரியை) அவங்களோடயும் அவங்க ரெண்டு பிள்ளைங்களோடயும் ஸ்பெயினுக்க மயோர்க்கா தீவுக்கு போறாரு. போன இடத்துல ஒரே மழை, இருமல், ரத்தம். ஒரு டாக்டர் நான் செத்துட்டேன்னு சொன்னாரு, இன்னொருத்தர் செத்துட்டு இருக்கேன்னாரு, மூணாவது ஆளு சாவேன்னு சொன்னாருன்னு கூட்டாளிக்கு லெட்டர் போடுறாரு, இந்த நக்கல் எனக்கு ரொம்ப பிடிக்கும். வாடகை வீட்டு ஓனர் இறக்கி விட, வால்டெமோசாங்குற ஊர்ல பழைய துறவி மடத்துல போயி தங்குறாங்க. பாரிஸ்ல இருந்து கப்பல்ல அனுப்பின பிளெயல் கம்பெனி பியானோ சுங்கத்துல மாட்டிக்கிட்டு. வரி கேக்கான், இவங்க பேரம் பேசுறாங்க, நாள் போகுது. ஜனவரில பியானோ கையில கிடைக்கு, பிப்ரவரில ஊர காலி பண்ணிட்டாங்க. அதுவரைக்கும் அங்க கிடைச்ச ஒரு ஓட்டை பியானோதான். கேரள எல்லைல களியக்காவிளை செக்போஸ்ட்ல வாழைக்குலை லாரி நிக்கத பாக்கும்போ எல்லாம் எனக்கு இப்போ அந்த பியானோதான் ஞாபகம் வரும்.

அங்க வச்சி முடிச்சதுதான் ஓபஸ் 28 (ஓபஸ்னா படைப்பு நம்பர்), 24 ப்ரிலூட், எல்லாம் சின்னச் சின்ன பியானோ துண்டுங்க. அதுல 15ஆவதுக்கு 'மழைத்துளி'ன்னு மத்தவங்க பேரு வச்சிட்டாங்க. சாண்ட் ஒரு ராத்திரி புயல்ல நனைஞ்சு வீடு வந்தப்போ இவரு அழுதுட்டே வாசிச்சிட்டு இருந்தாராம், தான் ஒரு ஏரில முங்கி செத்த மாதிரியும் நெஞ்சுல துளித்துளியா தண்ணி விழுந்த மாதிரியும் தோணிச்சாம். அது ஓட்டுல விழுற மழைதான்னு அவங்க சொன்னதும் மனுசனுக்கு கோவம் வந்துட்டாம், மழைய போய் காப்பி அடிப்பேனான்னு. அந்த ராத்திரி வாசிச்சது 15ஆவதா 6ஆவதான்னு இன்னும் சண்டை நடக்கு. நான் 15 கட்சி.

ஏன்னா அந்த டொக் டொக். தொடக்கத்துல அது ஏ ஃப்ளாட்ங்குற கட்டை, மேல மெட்டு பாட இது கீழ சாதுவா சொட்டும். நடுவுல ஸ்கேல் டி ஃப்ளாட் மேஜர்ல இருந்து சி ஷார்ப் மைனருக்கு மாறும், அதே கட்டைக்கு பேரு ஜி ஷார்ப்னு ஆயிரும். விரல் நகரல, கட்டை அதேதான், பேப்பர்ல மட்டும் வேற பேரு. இப்போ மெட்டு இடது கைக்கு இறங்கி அடியில சவ ஊர்வலம் மாதிரி நடக்கும், மேல அந்த ஒத்தச் சொட்டு தடிச்சு தடிச்சு நெஞ்சுல ஆணி அடிக்கும். செக்போஸ்ட் தாண்டினா பஸ் போர்டுல எழுத்து மாறுதுல்லா, ரோடு அதே ரோடு, அந்த மாதிரின்னு சார்ட்ட சொன்னேன். சிரிச்சாரு, ஆனா வால்யூம குறைக்கத்தான் சொன்னாரு.

1849 அக்டோபர் 17 பாரிஸ்ல சாவு. உடம்பு அங்க பெர் லஷேஸ் கல்லறைல. இதயத்த மட்டும் எடுத்து ஒரு குப்பில ஸ்பிரிட்டு ஊத்தி வச்சி, மூத்த அக்கா லுத்விகா வார்சாவுக்கு கொண்டு போயிட்டா, எல்லைல சோதனைக்காரன் கண்ணுல படாம துணிக்குள்ள மறைச்சுன்னு சொல்லுவாங்க. நம்ம பக்கம் ஸ்பிரிட் கடத்தின கதை எத்தனையோ கேட்டிருக்கேன், இப்படி ஒண்ணு கேட்டதில்ல. இப்போ அது அங்க ஹோலி கிராஸ் சர்ச்சுல ஒரு தூணுக்குள்ள இருக்கு, தூணுல ஒரு வசனம், மத்தேயு 6:21. பைபிள எடுத்து பாக்கவே வேண்டாம், சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினது: "உங்கள் பொக்கிஷம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்." காணிக்கை எடுக்கும்போ மட்டுமே நான் கேட்ட வசனம் அது.

கடைசிப் பக்கத்துல ஒரு இடம், சொட்டு சட்டுன்னு நின்னுரும், மெட்டு மட்டும் ஆளில்லாம தனியா நிக்கும், ரெண்டு மூணு பார் (தாளக்கட்டு), பெறவு சொட்டு திரும்ப வரும், முன்னயவிட மெதுவா. நான் இன்னும் அங்கதான் தட்டிட்டு நிக்கேன், நிறுத்தவேண்டிய விரல் நிக்க மாட்டேங்குது. மழை விட்டா நாளைக்கு வெட்டு உண்டு, வெளுப்புக்கு முன்ன எந்திரிக்கணும்.