பைபாஸுக்குப் போகும்போது பழைய கிரியேட்டினின் எண்ணும் கையில் இருக்கட்டும்

கோலாலம்பூர் தேசிய இதய மருத்துவமனையான ஐ.ஜே.என். ஆனாலும் பினாங்கு பொது மருத்துவமனை ஆனாலும், இதய அறுவைக்குத் தேதி கிடைத்துவிட்டால் வீட்டில் பேச்சு முழுக்க இதயத்தைச் சுற்றியே ஓடும். மூன்றாம் நாள் வார்டில்தான் வரும் அந்தக் கேள்வி: "ஆப்பரேஷன் நல்லா முடிஞ்சதுன்னு சொன்னாங்களே, இப்ப ஏன் கிட்னிங்கிறாங்க?"

இதய அறுவை சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால், முதல் வேலை காகித வேலைதான். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) கடந்த ஓராண்டு ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கி, ஒரே ஃபைலில் போடுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, பழுதானால் ரத்தத்தில் ஏறும்), இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு), ஹீமோகுளோபின் மூன்றையும் வட்டமிடுங்கள். இங்கே மலேசியாவில் கிரியேட்டினின் மைக்ரோமோல் கணக்கில் வரும். தமிழ்நாட்டு யூடியூப் மருத்துவர்கள் சொல்வது மில்லிகிராம் கணக்கு. அவர்களுடைய 1.2-ஐ 88.4-ஆல் பெருக்கினால் நம்முடைய 106. இது தெரியாமல் பதறுகிறவர்கள் நிறைய.

கூடவே ஏழு நாள் வீட்டு பிரஷர். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் எடுத்து எழுதுங்கள். கிளினிக்கில் பரபரப்பாக எடுத்த ஒரு எண் போதாது.

இதயம் நிறுத்தப்பட்டு இதய-நுரையீரல் இயந்திரம் ரத்தத்தை ஓட்டும்போது பெரும்பாலும் துடிப்பு இருக்காது. அதனால் மேல் எண், கீழ் எண் என்று பிரிக்க முடியாது. சராசரி அழுத்தம் ஒன்றுதான். 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை 50 முதல் 80 வரை வைக்கச் சொல்கிறது. உங்களுடையதைக் கணக்கிட, கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி மேல் எண்ணைக் கூட்டி மூன்றால் வகுக்கவும். 120/80 என்றால் 93. 160/95 என்றால் 117. 117-லேயே வருடக்கணக்காகப் பழகிய உடம்பை 60-இல் ஓட்டினால் ஏறக்குறைய பாதி. சிறுநீரகம் தனக்கு வரும் ரத்த ஓட்டத்தைத் தானே சமன் செய்துகொள்ளும். ஆனால் நெடுநாள் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது செயல்படும் அடிமட்டமே மேலே நகர்ந்திருக்கும்.

அப்படியானால் அழுத்தத்தை ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. மருந்து கொடுத்து அழுத்தத்தை மட்டும் உயர்த்திய ஆய்வுகளில் சிறுநீரகப் பாதிப்பு குறையவில்லை. இயந்திரத்தின் குழாய்களை நிரப்பும் திரவம், ஒரு லிட்டருக்கு மேலேகூட, ரத்தத்தோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. அழுத்தம் நன்றாக இருந்தும் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். இயந்திரத்தில் இருக்கும் நேரம் கூடக்கூட ஆபத்தும் கூடும். எனவே ரத்தசோகை இருந்தால் அறுவைக்கு முன்பே கவனிக்கச் சொல்லுங்கள். மயக்க மருத்துவரிடம் "எவ்வளவு பிரஷர் வைப்பீங்க?" என்று கேட்பதைவிட, "வீட்டில் இவருக்குச் சராசரி 117, கிரியேட்டினின் 95" என்று சொல்வது அவருக்கு உதவும்.

ஆஞ்சியோகிராம் சாயமும் சிறுநீரகத்தைத் தொடும். அதன் விளைவு ரத்தத்தில் தெரிய இரண்டு மூன்று நாளாகும். அறுவை அதை ஒட்டியே வந்தால் கிரியேட்டினினை மறுபடி பார்த்தார்களா என்று கேளுங்கள். பிரஷருக்கான பெரிண்டோப்ரில், லோசார்ட்டான், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரைகளை எந்த நாள், எந்த வேளையோடு நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். முட்டி வலிக்கு வோல்ட்டரன், பொன்ஸ்தான், ஆர்காக்ஸியா போடுகிற பழக்கம் இருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், இந்த வலி மாத்திரைகளும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

ஐ.சி.யூ.வில் மணிக்கட்டில் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். திரையில் 118/62 என்றும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 81 என்றும் ஓடும். மிஸ்ஸி (நர்ஸ்) பார்ப்பது அந்த 81-ஐ, சராசரியைத்தான். கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பையோடு கோடு போட்ட ஒரு சிறு பெட்டி உண்டு. மணிக்கொரு தடவை அளந்து எழுதுவார்கள். கிலோவுக்கு அரை மில்லி கணக்கு: 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. ஆறு மணி நேரம் அதற்குக் கீழே போனால் சிறுநீரகப் பாதிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஏமாறுவது இங்கேதான். நீர் கழிக்கும் மருந்து கொடுத்திருந்தால் முதல் இரவு சிறுநீர் தாராளமாக வரும். ரத்தம் நீர்த்திருப்பதால் மறுநாள் கிரியேட்டினினும் நல்ல எண்ணாகவே தெரியும். 95 இருந்தவருக்கு 92, அடுத்த நாள் 128, அதற்கடுத்த நாள் 150. 48 மணி நேரத்தில் 26 கூடினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலோ அது பாதிப்புதான். பழைய எண் கையில் இல்லாவிட்டால் 128 புதிதா, முன்பே இருந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சிறுநீர் குறைந்ததும் "தண்ணி நிறையக் குடிங்கப்பா, தானா வரும்" என்று பிள்ளைகள் ஊற்றுவதைப் பார்க்கலாம். வெளியேற வழியில்லாத தண்ணீர் நுரையீரலில்தான் போய் நிற்கும். இளநீரும் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். மருத்துவர் சொன்ன அளவை ஒரே பாட்டிலில் ஊற்றிவைத்து நாள் முழுக்க அதிலிருந்தே கொடுங்கள். கஞ்சி, மைலோ, ஐஸ் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

பொட்டாசியம் ஏறினாலோ, ரத்தத்தில் அமிலம் கூடினாலோ, மருந்துக்கு மசியாமல் நீர் கோத்தாலோ டயாலிசிஸ் வரும். கழுத்திலோ தொடையிடுக்கிலோ தற்காலிகக் குழாய் போடுவார்கள். நான்கு மணி நேர டயாலிசிஸ் பிரஷரை இறக்கிவிடும் என்பதால், நாள் முழுக்க மெதுவாக ஓடும் இயந்திரத்தைப் போடுவது உண்டு. ஆயுளுக்கும் டயாலிசிஸ்தான் என்று அன்றே முடிவு கட்டாதீர்கள். பலருக்குச் சிறுநீரகம் மீள்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்காமல் போன் செய்யுங்கள். மேல் எண் நூறுக்குக் கீழே இறங்கித் தலைசுற்றினாலும் அப்படித்தான், குறைந்த பிரஷரும் சிறுநீரகத்துக்கு ஆகாது. ஜாமு (மலாய் மூலிகை மருந்து) வேண்டாம். ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று இங்கே பலர் குடிக்கும் பெலிம்பிங் (நட்சத்திரப்பழம்) சாறு கூடவே கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல்தான் பெரும்பாலும் முதல் அடையாளம். நிறுத்திய மாத்திரைகளை எப்போது தொடங்குவது என்பதை அடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். மூன்றாம் மாதம் கிரியேட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்க்கச் சொல்லி, இரண்டையும் அதே ஃபைலில் சேர்த்து வையுங்கள்.