துளியின் ஆறாம் அடுக்கு

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அந்த மழையைக் கணினி மாதிரியில் மீண்டும் பெய்வித்து, சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடார் கண்டதோடு ஒப்பிடுவதே என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் பணியாக அமைந்தது. மூன்று மாதங்களில் முடியும் என்று எண்ணிய அந்தப் பணிக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

டபிள்யூஆர்எஃப் என்னும் வானிலைக் கணினி மாதிரியை, ஒன்றனுள் ஒன்றாக 27, 9, 3 கி.மீ. கட்டங்களாக அமைத்தேன். 3 கி.மீ. கட்டத்தில் மேகங்களை மாதிரி நேரடியாகவே உருவாக்குவதால், நீராவி எப்போது துளியாகிறது, பனி எப்போது உருகுகிறது என்பதையெல்லாம் நுண்ணியற்பியல் திட்டம்தான் முடிவு செய்கிறது. முதலில் நான் எடுத்துக்கொண்டது டபிள்யூஎஸ்எம்6 திட்டம். இது மழைத்துளிகளின் மொத்த நிறையை மட்டும் கணக்கிடும், எண்ணிக்கையைக் கணக்கிடாது. கிடைத்த படத்தில், சுமார் 5 கி.மீ. உயரத்திலுள்ள உறைநிலைக்கு மேலே, ரேடாரில் இல்லாத அளவுக்கு எதிரொளிப்புத்திறன் (துளியும் பனியும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் அளவு) மிகுந்திருந்தது. மென்பனி உருண்டைகளை இவ்வகைத் திட்டங்கள் மிகையாக உருவாக்கும் என்று படித்திருந்தேன். ஆகவே, மழைத்துளியின் நிறையோடு எண்ணிக்கையையும் கணக்கிடும் தாம்சன் திட்டத்துக்கு மாறினேன். இம்முறை தரையை ஒட்டிய மழைப்பகுதியும் ரேடாரோடு பொருந்தாமல் போயிற்று.

காரணத்தைத் தேடி வாரக்கணக்கில் திட்டத்தின் நிரல் வரிகளைப் படித்தேன். பிழை அங்கே இல்லை. மாதிரி தரும் நிறையை, எதிரொளிப்புத்திறனின் அலகான டிபிஇசட் அளவாக மாற்ற நான் பயன்படுத்திய வரைபடக் கருவி, மழைத்துளிப் பரவலுக்கு (எந்த அளவுத் துளி எத்தனை என்பதற்கு) 1948-இல் மார்ஷலும் பாமரும் கண்ட மாறிலியையே எல்லா இடத்துக்கும் வைத்துக்கொண்டிருந்தது. தாம்சன் திட்டம் பாடுபட்டுக் கணக்கிட்ட துளி எண்ணிக்கையை அந்தக் கருவி ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இது சிறிய விஷயமன்று. எதிரொளிப்புத்திறன் துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது; நீரின் அளவோ மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. துளி ஒன்றில் இருக்கும் நீர், 1 மி.மீ. துளிகள் எட்டில் இருக்கும் நீருக்குச் சமம். ஆனால் ரேடாரின் கண்ணுக்கு அந்த ஒரு துளி அறுபத்து நான்கு துளிகளுக்குச் சமம். அதனால்தான் 40 டிபிஇசட் என்ற ஒரே அளவு, மார்ஷல்–பாமர் சமன்பாட்டின்படி மணிக்குச் சுமார் 11.5 மி.மீ. மழையாகவும், வெப்பமண்டல மழைக்கான சமன்பாட்டின்படி சுமார் 21.6 மி.மீ. மழையாகவும் மாறுகிறது.

எதிரொளிப்புத்திறனை நுண்ணியற்பியல் திட்டமே கணக்கிடட்டும் என்று சொல்லும் தெரிவு மாதிரியின் அமைப்புக் கோப்பிலேயே இருக்கிறது. அதன் மதிப்பை 0-இலிருந்து 1-ஆக மாற்றினால் போதும். ஆனால் அந்தக் கணக்கு ஓட்டத்தின் போதே நடப்பது என்பதால், 18 விநாடிக்கு ஓர் அடியாக எல்லா ஓட்டங்களையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று. பொதுக் கணினியில் வரிசைக்குக் காத்திருந்தே ஒரு பருவமழை போயிற்று!

புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுவதையும் அத்துடன் கைவிட்டேன். மாதிரியின் மழைப்பட்டை சற்றே கிழக்கே தள்ளி இருந்தாலும் அவ்வகை ஒப்பீடு, பெய்த இடத்தில் மழையைக் காட்டாததற்கு ஒன்று, பெய்யாத இடத்தில் காட்டியதற்கு ஒன்று என இரட்டைத் தண்டனை விதித்துவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வோர் உயரத்திலும் எந்த டிபிஇசட் எத்தனை முறை வருகிறது என்ற பரவலை இரு பக்கமும் வரைந்தேன். அரை பாகைச் சாய்வில் செல்லும் ரேடார் கற்றை 100 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ. தொலைவில் நான்கு கி.மீ. உயரத்திலும் இருப்பதால், தொலைவிலுள்ள தரவை ஒதுக்கிய பிறகே இரண்டு பரவல்களும் ஒன்றையொன்று ஒத்துவரத் தொடங்கின.

தாம்பரத்தின் மேல் பெய்திருக்க வேண்டிய மழை, என் மாதிரியில் இன்னமும் கடலின் மேல்தான் பெய்கிறது. அதற்குத் துளிகளைக் குறை சொல்ல முடியாது. தொடக்க நிலையிலுள்ள காற்றின் போக்கே காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். ரேடார் அளந்த ஆரத் திசைவேகத்தை (துளிகள் ரேடாரை நெருங்கும் அல்லது விலகும் வேகத்தை) மாதிரிக்குள் செலுத்தும் பணியை இந்த மாதம் தொடங்கியிருக்கிறேன்.