எஃகு அலமாரிச் சமையலறையில் சிங்க் மாற்றிய அனுபவம்

ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் வாங்கிய வீடு 1950களில் கட்டப்பட்டது. அதன் சமையலறை அலமாரிகள் முழுவதும் எஃகுத் தகட்டால் ஆனவை. அதே மாநிலத்தின் வாரன் நகரில் இயங்கிய முல்லின்ஸ் நிறுவனம் ‘யங்ஸ்டவுன் கிச்சன்ஸ்’ என்ற பெயரில் விற்றவை. இத்தனை காலத்துக்குப் பின்னும் கதவுகள் தொய்வில்லாமல் மூடுவதால் அவற்றைப் பெயர்த்தெறிய மனம் வரவில்லை. பீங்கான் பூச்சு உதிர்ந்து துருவேறிய வார்ப்பிரும்புச் சிங்க்கை மட்டும் மாற்ற முடிவு செய்தோம்.

புதிய சிங்க் வாங்குமுன் நீள அகலத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ஆழத்தை. பழையது ஏறத்தாழ 7 அங்குல ஆழமே இருந்தது. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பல 8, 9 அங்குலம். தொட்டியின் அடி இறங்கினால் அதனுடன் வளைகுழாயும் இறங்கி, அதன் வெளியேறும் முனை சுவரிலுள்ள கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கீழே போய்விடும். பிறகு தண்ணீர் வடியாமல் தேங்கும். மர அலமாரி என்றால் குறுக்குச் சட்டத்தைச் செதுக்கியாவது ஆழமான தொட்டியை உள்ளே இறக்கிவிடலாம். எஃகை அறுத்தாலோ, எனாமல் சிதறிய விளிம்பிலிருந்து துரு பரவத் தொடங்கும். ஆகவே தட்டையான விளிம்புள்ள, ஆழம் குறைந்த எவர்சில்வர் சிங்க் ஒன்றைத் தேடிப் பிடித்தோம்.

கழற்றுவதுதான் உண்மையான வேலை. இவ்வகைச் சிங்க்கை மேடையுடன் இணைப்பது ‘ஹூடி ரிங்’ எனப்படும் உலோக வளையம். அடியிலிருந்து இறுக்கப்பட்ட கிளிப்புகளே தொட்டியின் எடை முழுவதையும் தாங்குவதால், அவை கழன்றதும் 40 கிலோவுக்குக் குறையாத இரும்பு நேரே அலமாரிக்குள், அதாவது படுத்துக்கொண்டு திருகு கழற்றுபவரின் முகத்தின் மேல், விழும். அதனால் மேடையின் குறுக்கே கனமான மரச்சட்டம் ஒன்றை வைத்து, வடிகால் துளை வழியே கயிறு விட்டு, அடியில் ஒரு கட்டையைக் கோத்து இழுத்துக் கட்டிய பிறகே திருகுகளைத் தொட்டோம். துரு நீக்கும் எண்ணெயில் இரவு முழுவதும் ஊறியும் சில அசையவில்லை. அவற்றை ரம்பத்தால் அறுத்தோம். வளையத்தை நெம்பி எடுத்ததும் இருவராகச் சேர்ந்து தொட்டியை மேலே தூக்கினோம்.

அலமாரியின் அடித்தகடு துருவேறிக் கிடந்தது. அமெரிக்காவில் வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978இல் என்பதால், பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்தியே சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்தோம்.

புதிய வளையம், புதிய கிளிப்புகள், விளிம்பைச் சுற்றிச் சிலிகான், வடிகாலுக்குக் கசிவடைக்கும் புட்டிப் பசை என மற்றவை விரைவாக முடிந்தன. கிளிப்புகளை மூலைக்கு மூலை மாறி மாறி இறுக்கினால்தான் வளையம் ஒரு பக்கம் எழும்பாமல் படியும். தொட்டியை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காகிதத் துண்டால் ஒற்றிப் பார்த்தோம். சுவரோரம் மட்டும் ஈரம் தெரிந்தது. நட்டைக் கையால் இன்னும் சற்று முறுக்கியதும் நின்றுவிட்டது.